எங்கள் வாசலை மட்டும்

எட்டு நாள். துப்புரவு வேலை செய்யும் யூனிஸ் அடுத்த வீட்டுக் குப்பையை எடுக்கிறாள், எதிர்வீட்டுக் குப்பையை எடுக்கிறாள், எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போகிறாள். கேட்டால், "நாளைக்குப் பாக்கறனுங்க்கா" என்று நழுவுகிறாள். நாற்றம் சமையலறை வரை வந்துவிட்டது. விடிகாலையில் காட்டுப்பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்ததும் என் பொறுமை போயிற்று. இந்தச் சுரையா சும்மா விடுகிற ஆளா? போட்டோ எடுத்து நகராட்சிக்குப் புகார் அனுப்பினேன். யூனிஸின் பெயரையும் போட்டேன்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் என் வீட்டுக்காரர் ஷௌகத் அலி. பஜாரில் பழக்கடை வைத்திருப்பவர். கொஞ்ச நாளாகத்தான் அதிசயமாகக் குப்பைப் பைகளைத் தானே கட்டி வெளியே வைக்கிறார். அதற்குள் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்!

மறுநாள் காலை நகராட்சி மேற்பார்வையாளர் சங்கிலி வந்து நின்றார். பின்னால் யூனிஸ், கையுறையைக்கூடக் கழற்றாமல்.

"எட்டு நாளா இந்த ஊட்டுக் குப்பைய ஏம்மா எடுக்கல?"

யூனிஸ் கையுறை விரலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். "சொல்லு, நாங்க உனக்கு என்ன கெடுதல் பண்ணுனோம்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கேட் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏற்கெனவே இவ மேல ரெண்டு புகார் இருக்குதுங்க. காரணம் சொல்லலைன்னா நாளையிலிருந்து வேலை கெடையாது," என்று ஒரு தாளை நீட்டினார் சங்கிலி. "நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

பேனா எடுக்கும் சாக்கில் என் வீட்டுக்காரரை உள்ளே இழுத்துப் போனேன். "ஏனுங்க, அவ எதுக்கு உங்களைப் பாக்குறா?"

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசு. கடையில மிச்சமிருந்த பிளாஸ்டிக் கவரைக் கொஞ்சங் கொஞ்சமா அந்தப் பையிலெல்லாம் கலந்து வெச்சுட்டேன். குப்பைக் கிடங்குல பிரிச்சுப் பாப்பாங்க, கவர்ல கடைப் பேரு இருக்குது, மாட்டிக்குவீங்கண்ணான்னு அவதான் மொத நாளே பையப் பாத்துட்டுச் சொன்னா. நான் ஒரு வழி பண்ற வரைக்கும் எடுக்காதேன்னுட்டேன்."

யா அல்லாஹ்! எங்கள் மலை ஊரில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை. எங்கள் கடை ஏற்கெனவே இரண்டு முறை பிடிபட்டிருக்கிறது. மூன்றாவது முறை என்றால் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். மகள் நிதாவின் படிப்பு, எங்கள் சாப்பாடு, எல்லாமே அந்தக் கடைதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"நீ கத்துவே."

கத்துவேன்தான். கத்தித்தானே அவள் வேலைக்கு உலை வைத்திருக்கிறேன்.

வெளியே வந்து, "சார், புகாரைத் திருப்பி வாங்கிக்கறனுங்க," என்றேன்.

"இனி முடியாதுங்க. மேல வரைக்கும் போயிருச்சு. ஒண்ணு காரணம் எழுதணும், இல்ல அவளை நிறுத்தணும்."

யூனிஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவாள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். சொல்லித் தொலையேன்டி என்று அவள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

"போட்டுரு சுரையா. ஒரு கையெழுத்துத்தானே," என்றார் வீட்டுக்காரர் காதோரமாக.

பேனாவை அவர் கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பையை இழுத்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினேன்.

"அக்கா, வேண்டாங்க்கா!" யூனிஸ் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

அவளை விலக்கிவிட்டுப் பையைச் சங்கிலியின் காலடியில் கவிழ்த்தேன். முட்டைக்கோஸ் இலைக்கும் டீத்தூளுக்கும் நடுவே எங்கள் கடைப் பெயர் போட்ட கவர்கள் சரிந்து விழுந்தன.

"இதுதானுங்க சார் காரணம்," என்றேன். "எழுதிக்கோங்க."