அரை இஞ்ச் இறக்கம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்கு ஒதுங்கிய ஒரு கலைக்கூடத்தில், அங்கே காவல் வேலை பார்க்கும் அம்மா சொன்னது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. பேச ஆள் கிடைத்த ஆறுதல் அவருக்கு. எனக்கும்தான்.

நான் முதலில் எழுதிய வரி: ‘முகமில்லாத வெண்கலம் நம் எல்லோருடைய தனிமையையும்...’ (வேண்டாம். பெரிய பேச்சு.)

2

அந்தக் கூடத்தில் ஓர் ஆளுயர வெண்கல உருவம். முகம் கிடையாது, கைகள் கிடையாது. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. செய்தவர் ஒரு பெண் சிற்பி. அதற்காக ஒரு மாதம் அவர் முன்னால் நின்றவர் அவருடைய தம்பி, தையற்காரர். முடிந்ததைப் பார்த்ததும், “இதுக்கு நான் எதுக்குக்கா? ஒரு மரக்கட்டைய நிக்க வெச்சிருக்கலாமே,” என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் ஒன்பது வருடம் பேச்சு நின்றுபோனது.

(அக்காவின் பக்கத்தையும் எழுதப் பார்த்தேன். ஏன் சிரித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.)

3

அக்கா இறந்து இரண்டு மாதம் கழித்துத் தம்பி கூடத்துக்கு வந்தார். உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“தொடக்கூடாதுங்க,” என்றார் காவல்கார அம்மா.

“நான் தொடலம்மா. நாடாதான் படும்.”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பிப் பார்த்தபோது தம்பி மூன்றாம் முறை அளந்துகொண்டிருந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். எனக்கும் அப்படித்தான். சட்டை தைக்கும்போது சரிக்கட்டிடுவேன், வெளிய தெரியாது. பொண்டாட்டி இருந்தவரைக்கும் அவகிட்டகூடச் சொன்னதில்ல.” நாடாவைப் பார்த்தபடி, “அக்காகிட்டயும் சொல்லலையே,” என்றார்.

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் அழுதார். இன்னொன்றில் அக்காவின் கடிதம் ஒன்று (பொய். கடிதமே கிடையாது.) மூன்றாவதில் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து... உள்ளே அவரை வரவேற்க யாரையும் என்னால் உருவாக்க முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, உருவத்தின் பக்கத்தில் போய் நின்றார். மூடும் மணி அடித்தது. நகரவில்லை.

“நீங்க என்ன பண்ணீங்க?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“மூடித்தானே ஆகணும்,” என்றார்.

தம்பியை வெளியே அனுப்பும் வரியை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். வரவில்லை. விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். மூடும் நேரம் ஆகிவிட்டதென்று நீங்கள் போய் அவரிடம் சொல்லுங்கள்.