சத்தமில்லாத மனிதர்

என் கணவரின் இதயத்தில் உலோக வால்வு பொருத்தியதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. டிக், டிக் என்று ஓயாத சத்தம். சமையலறைக்கு அவர் வருவதற்கு முன்னால் அதுதான் வரும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், அவர்மேல் எரிந்து விழுந்தும் பார்த்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

போன வாரம் சத்தம் தேய்ந்து, பிறகு கேட்காமலே போனது. வால்வு உடம்போடு பழகிவிட்டது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். முகம் தெளிந்திருக்கிறதே என்று அலுவலகத்தில்கூடக் கேட்டார்கள்.

ஞாயிறு மதியம் என் நாத்தனார் வந்தாள். சோபாவில் உட்கார்ந்து ஊர்வம்பெல்லாம் பேசி முடித்துவிட்டு, "அண்ணன் வீட்ல இல்லையா, அண்ணி?" என்றாள்.

அவர் அவளுக்குப் பின்னால், ஜன்னலோர நாற்காலியில்தான் இருந்தார். அவள் வந்ததிலிருந்தே இருந்தார். சத்தத்தை வைத்தே அண்ணனைக் கண்டுபிடித்துப் பழகியவள் அவள்.

ஓடிப்போய் அவர் மார்பில் காது வைத்தேன். கண் என்னைப் பார்க்கிறது, மூச்சு வருகிறது. உள்ளே மட்டும் ஈரத்துணியை மெல்லத் தட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. அப்படியே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம்.

வால்வில் ரத்தம் கட்டி, திறந்து மூட வேண்டிய ஒரு தகடு அசையவே இல்லை என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். ஈறில் ரத்தம் கசிகிறது என்று ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை இவராகவே நிறுத்தியிருக்கிறார். கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கட்டி உடைந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விடலாம், அவரைப் பேச வைத்துக்கொண்டே இருங்கள், நாக்குக் குழறினால் உடனே கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். இத்தனை வருஷமும் வாயை மூடுங்கள் என்றே சொல்லி வந்தவள், பேசுங்க பேசுங்க என்று கெஞ்சினேன்.

மறுநாள் தகடு அசைகிறது என்று நர்ஸ் வந்து சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. இனி ஒன்றுமில்லை, ஆனாலும் பேசுங்க என்றேன்.

"சத்தம் நின்னது எனக்கு முதல் நாளே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ நல்லா தூங்கிட்டிருந்தே."

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.