புதன்கிழமைத் திதி

என் மனைவி கமலாம்பாளின் முதலாண்டுத் திதி ஒரு புதன்கிழமையில் வந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடலாம் என்று என் மகன் பரணி சொன்னபோது, நான் பஞ்சாங்கத்தை மூடிவைத்தேன்.

"புதன்கிழமை ஷிப்மென்ட் இருக்குப்பா. நானும் லீவு போட முடியாது, கீர்த்தனாவுக்கும் முடியாது. இங்க கல்யாணத்தையே ஞாயித்துக்கிழமை பாத்துத்தான் வைக்கிறாங்க."

"திதி சந்திரனைப் பார்த்து வருவது. உன் கம்பெனியின் விடுமுறையைப் பார்த்து வருவது அன்று" என்றேன்.

"அம்மா இருந்தா ஞாயித்துக்கிழமையே வையிடான்னு சொல்லியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அது உண்மை. உண்மையாக இருந்ததனாலேயே எனக்குக் கோபம் மிகுந்தது.

நன்னிலத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரை விட்டுத் திருப்பூருக்கு வந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. பரணி ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். மருமகள் கீர்த்தனா எம்ப்ராய்டரி யூனிட் ஒன்றின் அலுவலகத்தில் இருக்கிறாள். எட்டு வீடுகள் ஒரே வரிசையில் அமைந்த லைன் வீட்டில் எங்களுடையது கடைசி வீடு. காலை எட்டேகாலுக்குக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். எட்டரைக்குள் ஏழு கதவுகளில் பூட்டு விழும். பிறகு அவர்கள் திரும்பும் வரை அந்த வரிசையில் நடமாடும் உயிர் நான் ஒருவனே. எட்டு மணி நேர உழைப்பே ஒரு நாள் வேலை என்று உலகம் முடிவுசெய்து நெடுங்காலம் ஆயிற்று. இங்கே ஒன்றரை ஷிப்ட் செய்தால்தான் அது ஒரு நாள். இதைத் தவறு என்று சொல்லக்கூட எனக்குப் பகலில் ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் ஊரை நான் புகழ வரவில்லை. ஒரு வேலித் தகராற்றுக்காக என் பங்காளி ஆறாண்டுகள் என்னோடு பேசாமல் இருந்தான். நான் சந்தைக்குப் போனால், பையில் என்ன இருக்கிறது என்று நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கமலாம்பாள் இறந்த அன்று முதலில் வந்தவன் அந்தப் பங்காளிதான். அவன் மகளின் பிரசவத்தின்போது, எனக்குத் தெரியாமல் பதினொரு நாள் கமலாம்பாள் பத்தியச் சோறு கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதை அவன் சொல்லித்தான் நான் அறிந்தேன். திதியன்று எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். யாரேனும் நான்கு பேர் இலையில் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேச வேண்டும். குறைந்தது, நான் பேசுவதையாவது கேட்க வேண்டும்.

அதனால் முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஏழு வீட்டுக் கதவுகளையும் நானே தட்டி, புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருமாறு அழைத்தேன். "ஆகட்டுங்க வாத்தியாரய்யா" என்றார்கள். "வந்தர்றனுங்க" என்றார்கள். வீட்டு உரிமையாளர் மாரப்பன், "அதுக்கென்னுங்க, வராம எங்க போறமுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் வீட்டுப் பூவாத்தாள், "எதாச்சும் ஒத்தாச வேணுமுங்களா?" என்றுகூடக் கேட்டாள். நான் பன்னிரண்டு பேரைக் கணக்கிட்டேன்.

"பன்னெண்டு பேருங்களா மாமா?" என்று கீர்த்தனா கேட்டாள்.

"எல்லோரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்" என்றேன். அவள் அரிசி டப்பாவைத் திறந்து அளவு பார்த்தாள்.

புதன்கிழமை அதிகாலையில் எழுந்து அவள் வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், வடை, பாயசம் என அத்தனையும் சமைத்தாள். ஆறரைக்குப் பரணி படையலிட்டுக் காகத்துக்குச் சோறு வைத்தான். படத்தின் முன் விழுந்து கும்பிட்டபோது அவன் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது, அவன் எடுக்கவில்லை. எட்டரைக்கு இருவரும் கிளம்பினார்கள். "நேரத்தோட சாப்பிட்டுருங்கப்பா" என்று வாசலில் நின்று சொன்னான். விருந்தினர் சாப்பிடாமல் வீட்டார் கை நனைப்பதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு இலைகளைத் துடைத்து வைத்தேன். பன்னிரண்டரை ஆயிற்று. பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வந்து பார்த்தேன். ஏழு கதவுகளிலும் ஏழு பூட்டுகள். காலையிலேயே அவை அங்கே இருந்தன. அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மணிக்கு உணவு இடைவேளைச் சங்கு ஒலித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். மூச்சு வாங்கியது. யாரையாவது கேட்டே ஆக வேண்டும் என்றிருந்தது.

பூவாத்தாள் வேலைசெய்யும் கம்பெனி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மதிற்சுவர் நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பூவாத்தாள் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, ஊட்டுல எதாச்சும்...?"

"பன்னிரண்டு இலை போட்டிருக்கிறேன், அம்மா. ஒருவரும் வரவில்லை."

அவள் முகம் சுருங்கியது. "கம்பெனி லைன்ல ஆளில்லீங்க. இன்னைக்குள்ள பீஸை செக் பண்ணி அனுப்போணும். ஒரு நிமிசம் எந்திரிச்சாலும் சூப்பர்வைசர் வந்து நிக்கறாருங்க."

"வர இயலாது என்று அன்றே சொல்லியிருக்கலாமே."

"அதெப்படீங்க? ஊடு தேடி வந்து கூப்படறவங்க மூஞ்சிக்கு நேரா வரமாட்டேன்னு எப்படீங்க சொல்றது?"

"எங்கள் ஊரில் சொல்லுவார்கள்."

"எங்கூர்ல சொல்ல மாட்டமுங்க" என்றாள் பணிவாக. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க சாப்டீங்களா?"

"விருந்தினர் உண்ணாமல் நான் எப்படி?" என்றேன். அவள் தன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, பக்கத்திலிருந்த இருவரைப் பார்த்து, "எந்திரிங்கடி, அர மணி நேரம் இருக்குது" என்றாள்.

"வா மயினி, கேன்டீன் வடையத் தின்னு நாக்குச் செத்துப் போய்க் கெடக்கு" என்று தெற்கத்திப் பெண் ஒருத்தி முதலில் எழுந்தாள்.

மூவரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். நான் பின்தங்கினேன். நான் வீட்டை அடைந்தபோது அவர்கள் கை கழுவிவிட்டு இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறினேன். ஒன்பது நிமிடங்களில் உண்டார்கள். பாகற்காய் கசக்கவில்லை என்றாள் ஒருத்தி. மற்றபடி பேச்சில்லை, மூவருடைய கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பேசுவதற்கும் அவர்களிடம் என்ன இருக்கிறது? கமலாம்பாளின் குரலை அவர்களில் ஒருத்தியும் கேட்டதில்லை. திருப்பூரில் அவளை நேரில் கண்டவர்கள் மூன்றே பேர்; அவர்களில் இருவர் வேலைக்குப் போயிருந்தார்கள்.

கை கழுவப் போன பூவாத்தாள் படத்தின் முன் நின்றாள்.

"அம்மாவுக்கு மூக்குத்தி ரெண்டு பக்கமுங்களா?"

ஓராண்டில் அவளைப் பற்றி வேறொருவர் கேட்ட முதற்கேள்வி அது. "வலப்பக்கத்தது..." என்று தொடங்கினேன். வெளியிலிருந்து தெற்கத்திப் பெண், "மயினி, பெல் அடிக்கப் போறான்" என்று கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வந்து கேக்கறனுங்க வாத்தியாரய்யா" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் ஓடினாள்.

ஒன்பது இலைகள் எஞ்சியிருந்தன. ஒன்றில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். பாயசம் ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இரண்டு நாற்காலிகளை வாசலில் போட்டேன். எந்தக் கிழமையை வேண்டாம் என்று மகனோடு வாதிட்டேனோ, அதே கிழமைக்காக நான்கு நாள்கள் காத்திருந்தேன். பூவாத்தாள் குழாயடியில் ஒரு வாரத்துத் துணி முழுவதையும் துவைத்தாள். காலியான நாற்காலியைப் பார்த்து, "இதா வந்தர்றனுங்க" என்றாள். அரிசி அரைக்கப் போய்வந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அவள் வருவதாகச் சொன்னதும் 'ஆகட்டுங்க' என்பதைப் போன்ற வெறும் மரியாதைதான் என்று முடிவுகட்டி, கேட்டுவிடும் எண்ணத்தோடு இரண்டு மணிக்கு எழுந்து மூன்றாம் வீட்டுக்குச் சென்றேன்.

கதவு திறந்திருந்தது. வெறுந்தரையில், ஈரத் தலையோடு, வாசலைப் பார்த்தபடி அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு காலிலேயே இருந்தது.

எழுப்பவில்லை. திரும்பி வந்து ஒரு நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, மற்றொன்றில் உட்கார்ந்தேன்.

வலப்பக்க மூக்குத்தி கமலாம்பாளின் தாயாருடையது. அவர் இறந்த பிறகு அதைப் பெட்டியில் வைக்க மனமில்லாமல், ஐம்பத்திரண்டாம் வயதில் போய் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். நான் சிரித்தேன், அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சொல்வதற்கு மூன்று நிமிடங்கள் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்.