கால் மணி நேரம் மூத்தவள்

சலவைக் கடையில் என்னை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி கொண்டுவருகிறவர்கள், கணக்கெழுதுகிற பெண், என்னைவிடப் பத்து வயது பெரியவரான முதலாளி எல்லோருக்கும் நான் அக்கா. நரைத்த மீசையோடு அவர் வந்து நின்று, "அக்கா, இந்தக் கோட்டுல கறை போகுமா?" என்று பவ்யமாகக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு நாளும் திருத்தியதில்லை. துணியைத் தடவிப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு, பொத்தான் துளையில் சீட்டைக் குத்தி, அடுத்ததை எடுப்பேன். பழகிப்போயிருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நிஜத்தில் நான் அக்காவாக இருப்பது ஒரே ஒருத்திக்குத்தான். அவளும் நானும் ஒரே நாளில் பிறந்த இரட்டை. நான் முன்னால், அவள் கால் மணி நேரம் பின்னால் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். வீட்டில் நான் பெரியவள், அவள் குட்டி. ஐம்பது வயதைத் தாண்டியாகிவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக நின்று பிள்ளைகளை நடுங்கவைக்கிறாள். வீட்டுக்குள் வந்துவிட்டால் இன்னமும் குட்டிதான்.

அந்தக் கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. குட்டி கீழே விழுந்தால் அவளைத் தூக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "நீ பாத்துக்கக் கூடாதா?" என்பார்கள். இரண்டு பேரும் ஒரே உயரம். அவளைப் பார்த்துக்கொள்ளும் கண் எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஆனால் வந்தது, அதுதான் வேடிக்கை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று அவள் மூக்கை நான் துடைத்துவிட்டேன். என் மூக்கை யார் துடைத்தார்கள் என்று ஞாபகமில்லை.

பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம் அப்பா போய்விட்டார். இரண்டு பேரையும் மேலே படிக்கவைக்க வழியில்லை. யார் வேலைக்குப் போவது என்ற கேள்வியே எழவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான். குட்டியைவிட நான் நன்றாகப் படிப்பேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அவளைவிட மோசமாகவும் படித்ததில்லை. சலவைக் கடையில் சேர்ந்த முதல் வாரமே நீராவி இஸ்திரியில் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால், பாடம் புரியவில்லை என்று குட்டி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அவளைச் சமாதானப்படுத்தினேன்.

பிறகு வண்டிக்காரர் வந்தார். கடைத் துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் நான் மடித்த சட்டைகளை மட்டும் கசங்காமல் தனியாக அடுக்குவார். அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது, "என்கூட வந்துடு, கட்டிக்கிறேன்" என்றார். எனக்கு ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானே பதில் சொல்லிவிட்டேன். "தங்கச்சி படிப்பு முடியட்டும். நான் அக்கா இல்லையா?" ஒரு வருஷம் பொறுத்திருந்தார். அப்போதும் குட்டிக்குப் படிப்பு பாக்கி இருந்தது. அப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கும் கடைக்குப் போய்க் காலர்களைத் தேய்த்தேன். தியாகம் கியாகம் என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். அக்காக்கள் செய்வதைத்தான் செய்தேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் குட்டி தன் வீட்டுக்காரரோடு வந்திருந்தாள். அவர்களுடைய மகளும் மருமகனும்கூட வந்திருந்தார்கள். மகள் உண்டாகியிருக்கிறாள். ஸ்கேனில் இரட்டை என்று சொல்லிவிட்டார்களாம், வீடு அமர்க்களப்பட்டது. அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறதே தவிர, புத்தியும் நாக்கும் கத்தி. நாற்காலியில் சாய்ந்துகொண்டு எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

"ரெட்டையில யாரு மூத்ததுன்னு எப்படிப் பாட்டி? முதல்ல வர்றதுதானே?" என்று மருமகன் கேட்டான்.

"அதெல்லாம் நாம பாத்துச் சொல்றதுதான்," என்றாள் அம்மா. "இவங்க ரெண்டு பேரையே எடுத்துக்கோ. முதல்ல வந்தது குட்டிதான்."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"நிஜமாத்தான் சொல்றேன். எலிக்குஞ்சு மாதிரி வந்தா, அழக்கூடத் தெம்பில்ல. பின்னாடியே இவ வந்தா, கொழுகொழுன்னு, ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்திக்கிட்டு. அந்த நோஞ்சானைப் போய் அக்கான்னு சொல்ல முடியுமா? அக்கான்னா தாங்கணும்ல. அதான் அவங்க அப்பாகிட்டயே மாத்திச் சொல்லிட்டேன்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்ப பெரியம்மா எனக்கு சித்தியா?" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குட்டியின் வீட்டுக்காரர் நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பவர். அவர், "இத்தனை வருஷம் எந்திரிச்சு நின்னதெல்லாம் வீணாப்போச்சே. கொழுந்தியான்னு தெரிஞ்சிருந்தா வாய் நிறையக் கேலி பண்ணியிருப்பேன்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் என்ன ஆகுமோ என்றிருந்தது.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றேன், விளையாட்டாகக் கேட்பதுபோல.

"சொல்லி என்ன ஆகப்போகுது? நீ பொறந்ததுலேர்ந்தே அக்காதான். உன் குணமே அப்படி."

என் குணமாம். நாள் தவறாமல் அக்கா அக்கா என்று கூப்பிட்டு அதை எனக்குள் ஏற்றியது யார்? கத்தவேண்டும் போலிருந்தது. பிரசவப் படுக்கையில் கிடந்துகொண்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பார்த்து, எது தாங்கும் எது தாங்காது என்று எடைபோட்டிருக்கிறாள். அவளும் அப்போது சின்னப் பெண்தான், குட்டி பிழைக்கமாட்டாளோ என்று பயந்திருப்பாள். எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? சாப்பிட்ட தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

குட்டி பின்னாலேயே வந்தாள். அங்கே எல்லோரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

குழாயைத் திறந்தாள், மூடினாள். "அப்பா செத்துப்போன அந்த வருஷமே தெரியும். அம்மா அத்தைகிட்டச் சொல்லிட்டிருந்தா, காதுல விழுந்துச்சு."

"அப்ப, வண்டிக்காரர் வந்து கேட்டப்பவும் தெரியும்."

தலையை ஆட்டினாள்.

"ஏன்டி சொல்லல?"

"பயமா இருந்துச்சு. நான்தான் மூத்தவன்னா நான்தானே வேலைக்குப் போகணும்? அப்புறம், நீ எல்லாத்தையும் சிரிச்ச மூஞ்சியோட செஞ்ச. உனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு அக்காவா இருக்கத் தெரியாதுக்கா."

"எனக்கு மட்டும் யாருடி கத்துக்குடுத்தா?"

கையிலிருந்த தட்டை அவள் தலையில் போட்டிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். அதைவிடத் துக்கம். வண்டிக்காரர் இனி வரப்போவதில்லை. படிப்பும் வரப்போவதில்லை. அவளிடம் கேட்டு வாங்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"ஒரு தடவை என்னைத் தங்கச்சின்னு கூப்பிடு," என்றேன்.

"விளையாடாதக்கா."

"விளையாடல. எப்படி இருக்குன்னு பாக்கணும்."

முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று, தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்த நேரத்திலும் அவளுக்கு எது சுலபம் என்றுதான் என் புத்தி போயிற்று, பாருங்கள்.

கூடத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "தங்கச்சி," என்றாள்.

காத்திருந்தேன். உள்ளே ஏதாவது அசையும், அடம்பிடிக்கவும் மடியில் படுக்கவும் தெரிந்த ஒருத்தி எங்காவது ஒளிந்திருந்து எழுந்து வருவாள் என்று நினைத்தேன். "தங்கச்சி," என்றாள் மறுபடியும். பக்கத்து வீட்டில் யாரோ யாருடைய பிள்ளையையோ கூப்பிடுவதுபோல் கேட்டது. என் கழுத்துகூடத் திரும்பவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன என்று கேட்க என்னிடம் ஆளே இல்லை. அப்படி ஒருத்தியை யாரும் வளர்க்கவே இல்லை.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

"அக்கா," என்றாள் பயந்துபோய்.

சட்டென்று திரும்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னடி?" என்றேன்.