இரண்டில் தொட்டுத் திரும்பும் கோடு

கணவர் இறந்தபின் நான் இத்தா இருந்த நாற்பதாம் நாள் பவிதரன் சேர் வந்தார். அவரும் என் கணவர் சாலிஹும் கல்முனையில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர்கள். அந்நிய ஆண்கள் முன் நான் வரக்கூடாத காலம். அவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். நான் கதவுத் திரைக்கு உள்ளே இருந்தேன்.

"சாலிஹ் கடைசியா எழுதின வினாத்தாள அச்சுக்குக் குடுக்கப் போறன், தங்கச்சி. அவன்ட எழுத்த வாசிக்க மருந்துக்கடைக்காரன்தான் வேணும்."

திரைக்குள் சிரித்துவிட்டேன்.

பன்னிரண்டு வருடமாக என் கணவருடைய வினாத்தாள்களின் வரைபுகளை நான்தான் வரைந்தேன். கடைசித் தாளில் ஒன்றை மட்டும், ஆஸ்பத்திரியில் நான் அசந்து தூங்கிய ஒரு மதியம், அவரே வரைந்திருந்தார். என்னை எழுப்ப மனம் வரவில்லையாம். நான் பார்க்குமுன்பே தாள் பவிதரன் சேரிடம் போய்விட்டது.

"விடையில உள்ள அந்தப் படத்த அப்படியே போடட்டா?" என்றார் சேர். குரல் இழுபட்டது.

"சமன்பாட்ட வாசிங்க சேர்."

"x கூட்டல் ஒண்டு, பெருக்கல், x கழித்தல் ரெண்டின்ட வர்க்கம்."

பரீட்சையில் கல்குலேட்டர் கிடையாது. கையால் வரைய என் கணவர் சொல்லித்தந்த வழி சின்னது. கொப்பியில் அச்சுகளைக் கீறி, −1 இலும் 2 இலும் புள்ளி வைத்தேன். x பூச்சியமானால் y நான்கு. கோடு கீழிருந்து வந்து −1 இல் அச்சை வெட்டி, நான்குவரை ஏறி, இறங்கும். இரண்டில் வர்க்கம் இருப்பதால் அச்சைத் தொட்டுவிட்டு மேலே திரும்பும்.

"அவர் ரெண்டுல என்ன செஞ்சிருக்காரு?"

விறாந்தையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சேர்?"

"வெட்டிக் கீழ இறக்கிட்டான். வருத்தத்தோட, ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து கீறினதுதானே. கேள்வியையே எடுத்திடுவம். அவன்ட கையில பிழை திருத்த எனக்கு ஏலாது."

அச்சடித்து வரப்போகும் அவருடைய ஒரே கோடு அது.

"கேள்வி இருக்கட்டும்," என்றேன். "புள்ளைகள் பிழையாப் படிக்கிறதுக்கு அவர் ஒத்துக்கமாட்டார். திருத்தித் தாறன்."

வரைந்து, திரைக்குக் கீழே தள்ளினேன்.

"ஓம், இதான் சரி," என்றார். பிறகு பழைய தாள் உள்ளே வந்தது. "இத நீங்க வெச்சிருங்க, தங்கச்சி."

அச்சுகள் கோணியிருந்தன. கோடு நடுங்கியிருந்தது. விரலை வைத்து இரண்டுவரை போனேன். பிறகு அவர் போன வழியே கீழேயும் போனேன்.