வடிக்காத தண்ணீர்

இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போதுதான் அவன் அதைப் படித்தான்.

முதல் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டி, டப்பாவில் கொட்டி, உறையைக் குப்பையில் போட்டிருந்தான். இன்று கத்தரி கைக்கு அகப்படவில்லை. பல்லால் கிழிக்கலாமென்று முகத்தருகே கொண்டுபோனபோது மடிப்புக்கு அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி தெரிந்தது. சோடியம் குறைத்து, பொட்டாசியம் சேர்த்த உப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு முறை படித்தான். அடுப்பில் தக்காளி சாஸ் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. கை நகரவில்லை.

மாமாவுக்கு, அதாவது அவன் மனைவியின் அப்பாவுக்கு, இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி பழுது. மாத்திரையிலும் பத்தியத்திலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி போய் எட்டு மாதம். மாமாவுக்கு அவள் ஒரே மகள். அவள் இருந்தபோதே மாமா இவர்களோடுதான் இருந்தார். அவள் போன பிறகு, யார் எங்கே போவது என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. ஏழு மாதம் கடைச் சாப்பாடு. அவன் வேலைக்குப் போவான், வருவான், பொட்டலத்தைப் பிரித்து வைப்பான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மாமாவின் பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகாமல் நின்றது. "வெளிச் சாப்பாட்ட நிறுத்துங்க, உப்பக் குறைங்க" என்றார் டாக்டர். அது அவன் காதில் விழுந்தது. அந்த ஏழு மாதத்தில் காதில் விழுந்த முதல் வாக்கியம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அன்றே சமையலறைக்குள் போனான். அவனுக்குச் சமையல் தெரியாது. போனில் தேடியதில் ஒரு காணொளி வந்தது: பாட்டில் சாஸ் வேண்டாம், எல்லாம் வீட்டிலேயே செய்யலாம், நோயாளியும் சாப்பிடலாம். மூன்று கண்ணாடி ஜாடி வாங்கினான். தக்காளி, குடைமிளகாய், பூண்டு மூன்றையும் ஓவனில் சுட்டுத் தோலுரித்து அரைத்தது சிவப்பு. பசலைக்கீரையை வேகவைத்து எலுமிச்சையும் முந்திரியும் சேர்த்து அரைத்தது பச்சை. பரங்கிக்காயும் கேரட்டும் பாலில் மசிந்தது மஞ்சள். ஒரு வேளை பாஸ்தா, ஒரு வேளை ஆவியில் வெந்த காய். மேலே இதில் ஒன்று. மாமா ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "சிக்னல் போட்டுட்டீங்க மாப்ள. இன்னைக்கு நிக்கணுமா போகணுமா?" என்று கேட்டார். அன்று அவன் சிரித்தான். சிரித்தோமே என்று பிறகு குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றான்.

உப்பைக் குறைக்கத்தான் இந்த உப்பை வாங்கியது. உறையில் பெரிய பச்சை இலை போட்டிருந்தது. இருபத்தியிரண்டு நாள், மூன்று வேளை.

அடுப்பை அணைத்தான். போனை எடுத்துப் பொட்டாசியம் கூடினால் என்ன ஆகும் என்று தேடினான். கால் தளரும், விரல் மரக்கும், துடிப்பு குறையும். நான்காவது வரியில், எந்த அறிகுறியும் இல்லாமல் இதயம் நின்றுபோகலாம் என்றிருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

மாமா ஒன்பது மணிக்கே வெளியே போயிருந்தார். தினமும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் முடிதிருத்தும் கடையில் பேப்பர் படிக்கப் போவார். அவன் போன் போட்டான். மாமாவின் போன் பக்கத்து அறையில், சார்ஜரில், அடித்தது.

பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி மூன்று மாடி இறங்கினான். நேற்று இதே படியில் மாமா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறியது நினைவுக்கு வந்தது. "காத்து வாங்குறேன்" என்றார். படிக்கட்டில் ஏது காற்று? அவனும் நின்று கேட்கவில்லை.

தெரு முனையில் கூட்டம் நின்றது. பத்துப் பதினைந்து பேர் வட்டமாகக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். குடிநீர்க் குழாய் உடைந்து, சாலையின் நடுவில் தண்ணீர் ஊற்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நேரமா போகுது சார், ஒருத்தனும் வரல" என்றார் தோளுக்குரியவர்.

அவன் ஓடினான்.

கடையில் முடிதிருத்துபவர் ஒருவருக்குக் கன்னத்தில் சோப்பு தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, துண்டு கட்டிட்டே வந்துட்டீங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

அப்போதுதான் இடுப்பில் சமையல் துண்டு இருப்பதைக் கவனித்தான். "மாமா எங்க?"

"பெரியவரா? இப்பத்தான் கிளம்புனாரு. அரை மணி இருக்கும். பேப்பர்ல பாதிகூடப் படிக்கல. உங்க சமையலப் பத்தித்தான் அளந்துட்டிருந்தாரு. மாப்ள ஓட்டல் வைக்கப் போறாரு, நான் கல்லாவுல உக்காரப் போறேன்னு." கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். "ஆனா ஒண்ணு தம்பி. நாலஞ்சு நாளாவே அவரு நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கக் கை குடுக்க வேண்டியிருக்கு. வயசப் பத்திக் கிண்டல் பண்ணேன். இன்னைக்குப் பண்ணல."

"ஏன்?"

"பேப்பர் கையிலேர்ந்து விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கல. அப்படியே பாத்துட்டு இருந்தாரு."

அவன் வாசலுக்கு வந்தபோது, "வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னாரு" என்ற குரல் பின்னால் கேட்டது. வீட்டிலிருந்துதானே அவன் வருகிறான். வழியில் எதிர்ப்படவில்லையே.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். சலவைக்கடை, சைக்கிள் பழுதுபார்க்கும் இடம், அடைத்துக் கிடந்த தையற்கடை. அதன் படியில் நரைத்த தலை ஒன்று சாய்ந்திருந்தது; வேறு யாரோ. மனிதர்கள் பையோடும் பாலோடும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமைக்கு உரிய எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அவள் போன அன்றும் இப்படித்தான், மருத்துவமனைக்கு வெளியே ஒருவர் நிதானமாகக் கார் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா பேருந்து நிறுத்தத்தில் இருந்தார். பெஞ்சின் ஓரத்தில், இரண்டு கையையும் தொடையில் வைத்து, நேராக. ஒரு பேருந்து வந்து நின்றது. நடத்துனர் அவரைப் பார்த்தார். மாமா தலையை ஆட்டினார். பேருந்து போயிற்று.

"மாமா."

"வாங்க மாப்ள. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த பெஞ்சு என்னை விடமாட்டேங்குது." சிரித்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "என்ன கோலம் இது? அடுப்பை அணைச்சீங்களா?"

"அணைச்சேன். எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"எழுந்திருக்க முடிஞ்சா நான் ஏன் மூணு பஸ்ஸ வழியனுப்பப் போறேன்?"

டாக்ஸியை மறித்தான். ஓட்டுநரும் அவனுமாக மாமாவைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். இவ்வளவு கனமா என்று இருந்தது. தூக்கப்படுகிறவருடைய கால் ஒத்துழைக்காவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று பிறகு புரிந்தது. மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து விரலை வைத்தான். ஒன்றும் இல்லை. அழுத்தினான். ஒன்றுமே இல்லை.

"அங்க இல்ல மாப்ள. கட்டைவிரல் பக்கம்."

அங்கே இருந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வாரம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

மாமா சன்னலுக்கு வெளியே பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஜாஸ்தியாகுதோன்னு ஒரு சந்தேகம். சொன்னா நீங்க அடுப்ப அணைச்சுட்டு மறுபடி சுவத்தப் பாத்து உக்காந்துருவீங்க. அதுக்கு இது தேவலைன்னு விட்டேன்."

"சந்தேகம் இருந்துமா சாப்டீங்க?"

"ஒரு பருக்கை விடாம." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பச்சைதான் சகிக்கல. லேசாக் கசந்துச்சு."

அவன் பாக்கெட்டை அவர் கண்ணில் படாமல் துண்டுக்குள் சுருட்டினான். பிறகு விரித்து அவர் மடியிலேயே வைத்தான். "இந்த உப்புதான் மாமா. நான் படிக்கல."

மாமா அதைத் தூரப் பிடித்துப் படிக்கப் பார்த்தார். "கண்ணாடி இல்லாம நானும் படிச்சிருக்க மாட்டேன்" என்றார். அவன் அவர் நாடியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். பாக்கெட்டை வாங்கிப் புரட்டினாள். மாமாவின் மார்பில் ஒட்டிய கம்பிகளிலிருந்து ஒரு தாள் நீண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவள் நடை மாறியது. ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னாள். இரண்டு நர்ஸ்கள் ஓடினார்கள். ஒருத்தி திரையை இழுத்து அவனை வெளியே நிறுத்தினாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கருவி கூவிக்கொண்டிருந்தது. கூவலுக்கும் கூவலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அவன் நின்றான். ஒவ்வொரு இடைவெளியும் ஒரு வருடமாக இருந்தது.

டாக்டர் திரையை விலக்கி வந்தாள். "வேற என்னென்ன சாப்பிட்டாரு?"

சொன்னான். தக்காளி, கீரை, பரங்கிக்காய், முந்திரி. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"காய வேக வச்ச தண்ணிய என்ன பண்ணுவீங்க?"

"சாஸ்லயே சேர்ப்பேன். அரைக்கும்போது. சத்து வீணாகக் கூடாதுன்னு..."

"கிட்னி வீக்கா இருக்கவங்களுக்கு அந்தத் தண்ணியக் கொட்டிடணும். பொட்டாசியம் பாதி அதுலதான் இறங்கும். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை என்று சொல்ல வந்தான். அப்போதுதான் மனைவியின் கை தெரிந்தது. பாத்திரத்தைச் சாய்த்து, மூடியால் தடுத்து, ஆவி பறக்கத் தொட்டியில் ஊற்றும் கை. மறுபடி புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை. நான்கு வருடம் பார்த்திருக்கிறான். "சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுது, சாக்கடை கொழுக்குது பாரு" என்று கிண்டலும் செய்திருக்கிறான். "அப்பாவுக்கு அப்படித்தான் செய்யணும்" என்பாள். ஏன் என்று ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று என்று வந்தது. ஐந்துக்கு மேல் போகக் கூடாதாம். "நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றாள் டாக்டர், திட்டாமல். திட்டியிருந்தால் தேவலை.

மூன்று மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐந்து புள்ளி எட்டு. கூவலின் இடைவெளி குறைந்திருந்தது. உள்ளே வரலாம் என்றார்கள்.

மாமா படுத்தபடி கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். "பாருங்க, வந்துட்டான்."

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நான் உங்கள..."

"தெரியும். விடுங்க. பசிக்குது. நாளைக்கு என்ன சமையல்?"

"தெரியல."

"தெரியாமத்தான இத்தன நாள் போட்டீங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவுக்கும் வரவில்லை. அவர் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றான்.

மாலையில் உணவு ஆலோசகர் வந்தார். கண்ணாடி போட்ட, நடு வயதுப் பெண். கட்டிலின் அட்டையைப் பார்த்து, மாமாவின் முகத்தைப் பார்த்து, யோசித்தார்.

"இவருக்கு ஏற்கனவே எல்லாம் சொல்லியிருக்கேனே. அவரோட பொண்ணு வந்திருந்தாங்க. கேள்வியா கேட்டுத் துளைச்சு எடுத்துட்டாங்க. அவங்களத்தான் வரச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

எட்டு மாதமாக இதை யாரிடமும் அவன் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அவன் பக்கத்தில் நின்றான்.

"அவ இறந்துட்டா மேடம்" என்றான். "சமைக்கிறது நான்."

அவர் நோட்டை மூடினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி திறந்தார். "பயப்படாதீங்க."

"பயமாத்தான் இருக்கு. பரவால்ல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சே சொல்லுங்க. முதல்ல தக்காளி. போடலாமா, கூடாதா, போட்டா எவ்வளவு?"

பேனா இல்லை. அவரிடமே வாங்கிக்கொண்டான்.