மார்கழி ஒத்தடம்

மார்கழி பிறந்துவிட்டால், வீரபாண்டியில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியின் அயர்ன் டேபிளுக்கு இரண்டு வேலைகள். பகல் முழுவதும் சட்டைகளின் சுருக்கத்தை எடுக்கும். டீ நேரத்தில் டெய்லர்களின் கழுத்துப் பிடிப்பை எடுக்கும். இரண்டுக்கும் உரிய கை வெள்ளையனுடையது.

விடியற்காலைப் பனியில், கம்பெனி வேனின் கண்ணாடி மூடாத ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்கள், வந்ததும் வராததுமாக மிசினுக்கு முன்னால் குனிகிறார்கள். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். பதினொரு மணி டீக்குள் கழுத்து மரக்கட்டையாகிவிடும். அப்போது வெள்ளையன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நான்காக மடித்து, உட்கார்ந்தவரின் பிடரியில் விரிப்பான். ஆவி இஸ்திரிப்பெட்டியைத் துணிக்குச் சற்று மேலே பிடித்துப் பொத்தானை அழுத்துவான். ஆவி புஸ்ஸென்று இறங்கும். இடக்கையால் தோளை அழுத்திக் கொடுப்பான். எப்போது நிறுத்துவது என்பதை அவன் முடிவு செய்வதில்லை. உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலில் இருந்த ஒரே விதி அதுதான்.

"ஆத்தாடி! எடுங்கண்ணே, தோலு பேந்துரும்!" என்று துள்ளினாள் செக்கிங் பிரிவுச் சீனியம்மாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"பெட்டி இன்னும் பக்கத்துலயே வரலீங்க, சீனியம்மா. அதுக்குள்ள ஊரக் கூட்டறீங்க."

"அப்ப உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் என்ன எருமைத் தோலா? அவ அசையாம உக்காந்திருக்கா!"

"அது எங்கூட்டுக்காரிங்க. சூடு பொறுப்பா."

இதைச் சொல்லும்போது வெள்ளையனின் குரல் சற்று உயரும். நான்காவது லைனில் ஓவர்லாக் மிசின் ஓட்டுகிற அவன் மனைவி கோமளா, வரிசையில் எப்போதும் கடைசியாக வந்து உட்காருவாள். மற்றவர்கள் துள்ளுகிற சூட்டில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஆவி அவளுக்குப் போதாதென்று, பெட்டியையே துணியின்மேல் வைத்து எடுப்பான். அவள் ஒன்றும் சொன்னதில்லை. அந்தப் பேசாமையைத் தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த நற்சான்றாக அவன் எடுத்துக்கொண்டான். சென்ற ஆண்டு மார்கழியிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

இந்த மார்கழியின் நடுவில் கம்பெனியில் ஒரு முகாம் நடந்தது. தரணி என்ற இளம் பிசியோதெரபிஸ்ட் வந்து, டெய்லர்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேசினாள். பனியில் வரும்போது கழுத்தைத் துணியால் மூடுங்கள். மிசினில் உட்காரும் முன் தோளை நன்றாகச் சுழற்றிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். துணி கண்ணுக்கு வரவேண்டும், கண் துணிக்குப் போகக் கூடாது. அவ்வப்போது எழுந்து நின்று மோவாயைப் பின்னுக்கு இழுங்கள். எல்லாரும் மோவாயைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஒத்தடம் வெச்சா தப்புங்களா, கண்ணு?" என்று கேட்டான். கேள்வியில் பணிவு இருந்தது. கேட்ட முகத்தில் இல்லை.

"தப்பில்லீங்கண்ணா. மெதுவான சூடா, கொஞ்ச நேரம் வைக்கணும். நடுநடுவுல துணிய எடுத்துத் தோலப் பாக்கணும். மரத்துப்போன எடத்துல மட்டும் வைக்கவே கூடாதுங்க."

"மரத்துப் போயிருந்தா அவங்களே சொல்ல மாட்டாங்களா?"

"சிலபேர்த்துக்கு மரத்ததே தெரியாதுங்க."

"சுடுதா, சுடலையான்னே தெரியாத ஆளும் ஊருல இருக்குதுங்களா!"

கூட்டம் சிரித்தது. கோமளாவும் சிரித்தாள்.

முகாம் முடிந்ததும் தரணி கோமளாவின் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. "அக்கா, இது வெறும் பிடிப்பு மாதிரி தெரியல. நரம்பு டாக்டர் ஒருத்தரப் பாத்துருங்க. தள்ளிப் போட வேண்டாம்."

கோமளா கணவனைப் பார்த்தாள். "பனிக்காலம் போனா சரியாப் போயிருங்க" என்று வெள்ளையன் அவளுக்காகப் பதில் சொன்னான். ஒரு சின்னப் பெண் தன் மேசையருகே வந்து நின்று, தன் கைக்கு அப்பாற்பட்ட நோய் ஒன்று உண்டென்று சொன்னதை அவன் பொருட்படுத்துவதாயில்லை.

அடுத்த வாரம் பனி இன்னும் கடுமையாக இறங்கியது. கோமளாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்து மிசின்காரி கூப்பிட்டால் இடுப்போடு திரும்பினாள். தைத்த பீஸ்கள் கையிலிருந்து நழுவி விழுந்தன. டீ நேரத்தில் வந்து உட்கார்ந்தவள், "இன்னிக்கு நல்லா வெச்சு விடுங்க" என்றாள்.

வெள்ளையன் பிடரிக்குக் கீழே, தோள்களுக்கு நடுவே துணியை விரித்துப் பெட்டியை வைத்தான். அந்நேரம் பேக்கிங் பகுதியிலிருந்து ஒருவன் வந்து, அன்று மாலை போகவேண்டிய ஷிப்மென்டைப் பற்றிக் கேட்டான். வெள்ளையன் தலையைத் திருப்பிப் பதில் சொன்னான். கை தன் பாட்டுக்குப் பெட்டியை நகர்த்திக்கொண்டும் நிறுத்திக்கொண்டும் இருந்தது. கீழே இருப்பவள் சொல்லாதவரை அவசரம் ஒன்றுமில்லை.

கருகல் வாடை வந்தது. துணியாக இருக்கும் என்று நினைத்தான்.

"அண்ணே!" என்று ஓடிவந்த சீனியம்மாள் பெட்டியைத் தட்டிவிட்டுத் துணியை விலக்கினாள். துணியோடு தோலும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும், பெட்டி முனையின் வடிவம் பிசகாமல், சிவந்து கொப்புளித்திருந்தது.

சீனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேக்கிங் ஆள் பின்வாங்கினான். கோமளா இடுப்போடு மெல்லத் திரும்பி, அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

வெள்ளையனுக்குப் புரிவதற்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

நரம்பு டாக்டர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். கோமளாவைக் கண்ணை மூடச் சொல்லி, தோளிலும் புயத்திலும் பஞ்சால் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் அவள் பிழையின்றிச் சொன்னாள். பிறகு இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் வெந்நீர், மற்றதில் குளிர்ந்த நீர். மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றாள் கோமளா.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் படத்தைச் சட்டத்தில் மாட்டிக் காட்டினார். கழுத்துத் தண்டுவடத்துக்குள் நீர் கோத்து, ஒரு நீண்ட பை போல வீங்கியிருந்தது. அது உள்ளிருந்து நரம்பை அழுத்துகிறது. தோலில் படும் சூட்டையும் வலியையும் கொண்டுபோகிற நரம்பு முதலில் கெடும். தொடுகையைக் கொண்டுபோவது வேறு வழி, அது இப்போதைக்குத் தப்பித்திருக்கிறது. கையின் பலம் குறைவதும் அதனால்தான். பனி இதை உண்டாக்கவில்லை. பனியில் இறுகிய தசைதான் வலியைக் கூட்டிக் காட்டியது.

"சூடு தெரியாமப் போய் எவ்வளவு நாளாச்சும்மா?"

கோமளா தரையைப் பார்த்தாள். "போன மார்கழியிலயேங்க. தோசைக்கல்லு பட்டாலும் தெரியாதுங்க. கொப்புளத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

வெள்ளையன் அவளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை; திரும்பவும் முடியாது.

"ஆபரேசன் பண்ணா, இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம்," என்றார் டாக்டர். "போனது திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். போன வருசம் வந்திருந்தா கை இந்த அளவுக்குப் போயிருக்காது."

"மிசின் ஓட்டலாமுங்களா?"

"குனிஞ்சு செய்யற வேலை இனி வேண்டாம். இந்தக் கைய வெச்சு ஊசி முனையில வேலையும் வேண்டாம்."

கோமளா தலையாட்ட முயன்று, வலியில் பாதியில் நிறுத்தினாள்.

ஆபரேசனுக்கு முந்திய நாள் அவளை வார்டில் சேர்த்தார்கள். பிற்பகல். முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வெள்ளையன் கட்டிலுக்கருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். குனிந்து கேட்டான்.

"ஏம்புள்ள, ஒரு வார்த்த சொல்லீருக்கலாமில்ல?"

"எப்படிங்க சொல்றது? அத்தன பேருக்கு முன்னால எம்பொண்டாட்டி சூடு பொறுப்பான்னு பெருமையாச் சொல்லீட்டிருந்தீங்க. இல்லீங்க, எனக்குத் தெரியறதே இல்லைன்னு நான் எந்திரிச்சுச் சொல்லோணுமா?"

"ஊட்டுல சொல்லீருக்கலாம்."

"ஊட்டுல நீங்க எப்பப் பேசுனீங்க?" குரலில் குற்றச்சாட்டு இல்லை, விவரம் சொல்கிற தொனிதான் இருந்தது. "வருவீங்க, உண்பீங்க, படுப்பீங்க. அந்த டீ நேரத்துலதான் எம்மேல கை வெப்பீங்க. சூடு தெரியலீங்க. கை தெரிஞ்சுதுங்க. நான் சொல்லீட்டா அதையும் நிறுத்திப்போடுவீங்கன்னு இருந்துட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மருந்து வண்டி ஒன்று சக்கரம் கீச்சிட வராந்தாவில் போயிற்று.

"கழுத்து வலிக்குதுங்க," என்றாள் கோமளா. "பெட்டியெல்லாம் வேண்டாம். சும்மா ஒருக்கா அழுத்தி உடுங்க."

அவன் எழுந்து அவள் பின்பக்கமாக வந்து நின்றான். கட்டுக்கு மேலே, முடி விலகிய பிடரி தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த டேபிளில் யார் யார் கழுத்தையோ கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கொடுத்த கை, ஒரு சாண் தூரத்தில் நின்றது. எங்கே அழுத்தினால் அவளுக்கு வலி தெரியும், எங்கே தெரியாது, எவ்வளவு அழுத்தினால் உள்ளே எது நசுங்கும் என்று எதுவுமே தெரியவில்லை.

"ஏனுங்க, இன்னும் கைய வெக்கலீங்களா?" என்று கேட்டாள் கோமளா.

"நர்சக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வெள்ளையன் கையை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். நர்ஸின் மேசை வலப்பக்கம் இருந்தது. அவன் இடப்பக்கம் திரும்பிப் படியிறங்கினான்.